சம்பந்தி போட்ட முதல்

அப்பா அம்மா வைத்த பெயர் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் அவள் பெட்டியக்காதான். செருப்புப் பெட்டி, மருந்துப் பெட்டி, சட்டைப் பெட்டி என்று அட்டையில் எதைக் கேட்டாலும் அளவெடுத்து, வெட்டி, மடித்துக் கொடுத்துவிடுவாள். சந்தின் கடைசியில் தகரக் கூரை போட்ட நீளமான அறைதான் பட்டறை. உள்ளே கால் வைத்ததுமே பசை வாடை மூக்கைப் பிடிக்கும். புதிதாக வருகிறவர்கள் தும்முவார்கள். பெட்டியக்காவுக்கோ அந்த வாடை இல்லாத இடத்தில்தான் மூச்சு முட்டும்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, சமையலறை மூலையில் ஒரு கத்தரிக்கோலும் ஒரு கிண்ணம் பசையுமாக ஆரம்பித்த தொழில். இன்றைக்கு எட்டுப் பெண்கள் அவளிடம் சம்பளம் வாங்குகிறார்கள். புருஷனும் வாங்குகிறார். அவர் வேன் ஓட்டிப் பெட்டிகளைக் கடை கடையாக இறக்கிவிட்டு வருவார்.

"முதலாளியம்மாவையே கட்டிக்கிட்டு குடும்பம் நடத்தற ஒரே தொழிலாளி நான்தான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். "லீவு கேட்டாலும் திட்டு, வேலைக்கு வந்தாலும் திட்டு."

ஒரு மருந்துக் கம்பெனி வருஷம் முழுக்க ஆர்டர் தரத் தயாராக இருந்தது. ஆனால் பெட்டியக்காவிடம் இருந்ததோ காலால் மிதித்து ஓட்டுகிற பழைய மெஷின். கரண்டில் ஓடுகிற புது மெஷின் இருந்தால்தான் அந்த வேலைக்கு ஈடுகொடுக்க முடியும். அதற்குக் கடன் வேண்டும்.

பெட்டியக்கா ஏறாத படியில்லை. ஃபைனான்ஸ்காரர் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அவர் சொன்ன வட்டியைக் கேட்டதும் குடித்த டீ மேலே வந்துவிட்டது. கூட்டுறவு வங்கியில் அரசு வேலையில் இருக்கிற இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள்.

"நமக்குத் தெரிஞ்ச ஒரே அரசாங்க ஆளு கரண்ட் ரீடிங் எடுக்க வர்றவன்தான்" என்றார் வீட்டுக்காரர். "அவன்கிட்ட போன மாசம்தான் நீ சண்டை போட்டே."

கடைசியில்தான் மாநில அரசின் சிறுதொழில் கடன் பற்றி யாரோ சொன்னார்கள். பெட்டியக்கா தொழில் மையத்துக்குப் போனாள். அங்கே கவுண்ட்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். ஒன்றும் புரியாமல் வெளியே வந்தவளைப் பார்த்து, நடையில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனுஷர் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. காதருகே வந்து பேசுவதுபோல மெத்தென்ற குரல்.

"பயப்படாதீங்கம்மா. நல்ல திட்டம். பட்டறை இந்த மாநிலத்துக்குள்ள இருக்கணும், மெஷின் இந்த எல்லையைத் தாண்டக்கூடாது. அவ்வளவுதான். மூணுல ஒரு பங்கு மானியம், வட்டியும் பாதிதான். சொத்து எதையும் அடமானம் கேக்க மாட்டாங்க. மெஷினே அடமானம்."

"அப்ப சும்மாவா குடுக்கறாங்க?"

"பத்துல ஒரு பங்கு நீங்க போடணும். அது உங்க சொந்தக் காசா இருக்கணும். வெளியில கடன் வாங்கிப் போட்டதா தெரிஞ்சா திட்டமே ரத்து."

"அது இருக்குங்க. சிறுகச் சிறுகச் சேர்த்து வச்சிருக்கேன்" என்றாள் பெட்டியக்கா, கொஞ்சம் பெருமையாகவே.

அவர் தலையாட்டினார். பட்டறை எங்கே, இடம் சொந்தமா, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான், "பிள்ளைங்க எத்தனை பேரு?" என்றார்.

"ஒரே பொண்ணுங்க."

"அப்படியா, சந்தோஷம்" என்றார் அவர்.

கடன் மனு உள்ளே நகர்ந்துகொண்டிருந்தபோதே அவர் வீடு தேடி வந்தார். அவருடைய இரண்டாவது மகனுக்குப் பெண் கேட்டு. பையன் லட்சணமாக இருந்தான், படித்திருந்தான், எதிர்த்துப் பேசத் தெரியாதவனாகவும் இருந்தான். மகளுக்குப் பிடித்திருந்தது. வேறென்ன வேண்டும்? எளிமையாக முடித்துவிடலாம் என்று ஆரம்பித்த கல்யாணம், "நாலு பேர் வர்ற இடம், சம்பந்தியம்மா", "உங்க கௌரவம்தானே எங்க கௌரவம்" என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, பெட்டியக்காவின் சேமிப்பை வழித்தெடுத்துக்கொண்டு போயிற்று. மகளுக்குப் போட்ட நகை போக, பெட்டியக்காவின் காதில் கிடந்தது மட்டும் மிச்சம்.

அந்தச் சமயம் பார்த்துக் கடன் சாங்ஷன் ஆகி வந்தது. அவள் போடவேண்டிய பத்தில் ஒரு பங்கை வங்கியில் கட்டக் கையில் காசில்லை.

மகளைப் பார்க்கிற சாக்கில் சம்பந்தி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். வீட்டை ஒட்டியே பெரிய மாவு மில். கேட்டைத் திறந்துவிட்டது, சம்பந்தியின் மூத்த மருமகளுடைய அப்பா. மில் ஒரு காலத்தில் அவருடையதுதான் என்று கல்யாணத்தின்போது யாரோ சொல்லியிருந்தார்கள். தலை, மீசை, புருவமெல்லாம் மாவு படிந்து வெளுத்திருந்தது.

"முதலாளி உள்ளதான் இருக்காரு, போங்க" என்றார்.

சம்பந்திகளுக்குள் என்ன கேலி பார் என்று பெட்டியக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அவர் சிரிக்கவில்லை என்பதை அப்போது அவள் கவனிக்கவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் சம்பந்தி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "இதுக்கா இவ்வளவு தயக்கம்? நான் தர்றேன். கைமாத்தா வச்சுக்குங்க. வட்டியாவது ஒண்ணாவது! கையில வரும்போது குடுங்க."

டீ கொண்டுவந்த மகள் தட்டோடு நின்றாள். அம்மாவின் முகம் தெளிந்ததைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்தது.

பெட்டியக்காவுக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. "கடன் வாங்கிப் போடக்கூடாதுன்னு சொன்னாங்களே?"

"நம்ம வீட்டுக்குள்ள குடுத்து வாங்கறது கடனா?" என்றார் சம்பந்தி. "பாங்க்குக்கு நானும் வர்றேன், வாங்க."

வங்கி மேனேஜர் கறார் பேர்வழி. கணக்கில் திடீரென்று ஏறியிருந்த தொகையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இந்தப் பணம் ஏதும்மா? கடனா?"

பக்கத்தில் இருந்த சம்பந்தி முந்திக்கொண்டார்.

"கடனா! சே சே. நான் போட்ட முதல் சார்."

மேனேஜர் அவரைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

கைக்கெட்டிய மெஷின் கைநழுவிப் போய்விடுமே என்கிற பயம். பெட்டியக்கா சொன்னாள்: "ஆமா சார். சம்பந்தி போட்ட முதல்தான்."

கூட்டாளி போடுகிற முதலுக்குத் திட்டத்தில் தடையில்லை என்று மேனேஜர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. "நல்ல சமயத்துல வாயைத் திறந்தீங்க சம்பந்தி."

"நான் எப்பவும் சமயம் பார்த்துத்தான் வாயைத் திறப்பேன்" என்றார் அவர்.

மெஷின் வந்தது. பட்டறைப் பெண்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தார்கள். மருந்துக் கம்பெனி ஆர்டரும் வந்தது. கூடவே சம்பந்தியும் வந்தார்.

முதலில் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் ஒரு நாள் மாப்பிள்ளை காரிலிருந்து சுழல் நாற்காலி ஒன்றை இறக்கி, மெஷினுக்கு எதிரே போட்டுவிட்டுப் போனான். அதில் சம்பந்தி வந்து உட்கார்ந்தார். எதுவும் பேச மாட்டார். பெண்கள் மடிக்கிற கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் இருக்கிறவரை பட்டறையில் பாட்டு இல்லை, பேச்சு இல்லை, மெஷின் சத்தம் மட்டும்தான்.

"உங்க சம்பந்தி கண்ணு இமைக்குமா அக்கா?" என்று பசை தடவுகிற பெண் கிசுகிசுத்தாள். "நானும் பார்த்துக்கிட்டே இருக்கேன், ஒரு தடவைகூட இமைக்கலை."

"வாயை மூடிட்டு வேலையைப் பாருடி" என்றாள் பெட்டியக்கா. ஆனால் அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு ஒரு காலையில் பட்டறைக்கு வந்தால் பூட்டு மாறியிருந்தது. பெரிய, புதுப் பூட்டு. சாவியைக் கையில் சுழற்றியபடி சம்பந்தி காரிலிருந்து இறங்கினார்.

"பழைய பூட்டு லொடலொடன்னு இருந்துச்சு. நம்ம பட்டறைக்கு அது போதுமா?"

நம்ம பட்டறை.

அன்றைக்கே பெட்டியக்கா காதில் கிடந்ததைக் கழற்றினாள். மருந்துக் கம்பெனியிலிருந்து வந்த முதல் காசோடு அதை விற்ற காசையும் சேர்த்து, அவர் கொடுத்த தொகையை முழுசாக ஒரு பெட்டியில் வைத்து, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்க குடுத்த கைமாத்து, சம்பந்தி. பெரிய உதவி. மறக்க மாட்டோம்."

அவர் பெட்டியைத் திறக்கவில்லை. அதன் மடிப்பை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல வேலைப்பாடு. ஆனா முதலை யாராவது திருப்பிக் குடுப்பாங்களா சம்பந்தியம்மா? முதல்னா பங்கு. பாதிக்குப் பாதி எழுதிக்கலாம்னு இருக்கேன்."

"என்ன சொல்றீங்க?" என்றார் வீட்டுக்காரர். வழக்கமான சிரிப்பு பாதியில் நின்றது. "கைமாத்துன்னு சொன்னது நீங்கதானே?"

"பாங்க்ல சம்பந்தியம்மா என்ன சொன்னாங்க? மேனேஜர் எழுதி வச்சிருக்காரே." அவர் குரல் ஏறவே இல்லை. "இல்ல, அது கடன்தான்னு சொல்றீங்களா? சொல்லுங்க. அப்ப அரசாங்கத்துக்கிட்ட பொய் சொன்னதா ஆயிடும். மானியம் போகும், மெஷின் போகும், வழக்கும் வரும். நான் அப்படியெல்லாம் நடக்க விடுவேனா? நம்ம பொண்ணு எங்க வீட்ல இருக்கா இல்லையா?"

கடைசி வாக்கியத்தை அவர் மிகவும் அன்பாகச் சொன்னார். அதுதான் பெட்டியக்காவின் முதுகில் ஊர்ந்தது.

திரும்பி வரும்போது கேட்டில் மூத்த மருமகளின் அப்பா நின்றுகொண்டிருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அதே பெட்டியோடு திரும்பி வருவதைப் பார்த்தார். சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மாவு அப்பிய அந்தக் கழுத்தைப் பார்த்ததும் பெட்டியக்காவுக்குப் புரிந்துவிட்டது. அந்த மனுஷர் அன்றைக்குக் கேலி செய்யவில்லை. முதல் போட்டவன் முதலாளி ஆகிவிட்டான். மில்லுக்குச் சொந்தக்காரராக இருந்தவர் அதே மில்லின் கேட்டைத் திறந்துவிடுகிறார். பெண்ணைக் கொடுத்த வீட்டை விட்டு அவர் எங்கே போவார்?

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேனில் உட்கார்ந்தாள். பிறகு, "என்னங்க, நம்மகிட்ட காசு இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் அவர் பொண்ணு கேட்டு வந்தாரு" என்றாள். "அந்தக் காசைக் கரைக்கத்தான் அவ்வளவு பெரிய கல்யாணம்."

வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்கு மூணாவதா ஒரு பையன் இன்னும் இருக்கான்" என்றார். அதில் சிரிக்க எதுவும் இல்லை.

அடுத்த வாரமே மகள் பட்டறைக்கு வந்தாள். தனியாக இல்லை. சந்து முனையில் கார் நின்றது, உள்ளே மாமனார். மகள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மடிக்காத அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்து, ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்: "மாமா சொல்றதுக்குச் சரின்னுடும்மா. குடும்பத்துக்குள்ளதானே இருக்கப்போகுது."

"அங்க உன்னை ஏதாவது சொல்றாங்களாடி?"

"யாரும் எதுவும் சொல்றதில்லம்மா. அதுதான் பயமா இருக்கு. சாப்பாடு வைக்கும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கறதில்லை. மூத்த அக்கா மட்டும் ஒரு தரம் கேட்டாங்க, 'உங்கம்மா கையெழுத்துப் போட்டாச்சா?'ன்னு. போடலைன்னேன். 'போட்டதும் பேச ஆரம்பிச்சிடுவாங்க'ன்னாங்க."

"உன் புருஷன்?"

"அவர் நல்லவர்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தாள்: "அவங்கப்பா வீட்ல இல்லாதப்போ."

ஹார்ன் ஒரு முறை அடித்தது. மகள் எழுந்தாள். "மாமா சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டேன்" என்றாள். வாசலில் நின்று திரும்பி, குரலை இறக்கினாள். "இப்ப நான் சொல்றேன் கேளு. என்னை நினைச்சுக் கையெழுத்துப் போட்டுடாதே. போட்டேன்னா நீயும் அந்தக் கேட்ல நிப்பே. என்னால தினம் அதைப் பார்க்க முடியாது."

கூட்டுப் பத்திரம் எழுத சம்பந்தி குறித்த நாள் வந்தது. வங்கிக் கடன் இருப்பதால் மேனேஜர் முன்னால்தான் முடிக்கவேண்டும். சம்பந்தி, மாப்பிள்ளை, மகள் மூன்று பேரும் முன்னதாகவே வந்திருந்தார்கள். மகளை எதற்குக் கூட்டிவந்திருக்கிறார் என்பது பெட்டியக்காவுக்கும் வீட்டுக்காரருக்கும் தெரியும். அவளைத் தனக்குப் பின்னால், எதிரே உட்காருகிறவர்கள் கண்ணில் படும்படியாக நிறுத்தியிருந்தார்.

மேனேஜர் பேனாவை எடுத்தார். "ஏம்மா, இவர் போட்ட முதலுக்காகப் பட்டறையில பாதிப் பங்கு எழுதித் தர்றீங்க. முழுச் சம்மதம்தானே?"

பெட்டியக்கா தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் காய்ந்த பசை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மெஷின் ஓடும், ஆர்டர் வரும், மகளோடு அந்த வீட்டில் பேசுவார்கள். நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். சாவி அவரிடம் இருக்கும். மிச்சமிருக்கிற பாதி எத்தனை நாளைக்கு?

"சம்மதம் இல்ல சார்" என்றாள். "அது முதல் இல்ல. கடன். அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். சம்பந்தி சிரித்த முகம் மாறாமல் மேனேஜர் பக்கம் குனிந்தார். "சம்பந்தியம்மாவுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல சார். வேலை ஜாஸ்தி."

"அம்மாவுக்கு மனசு சரியாத்தான் இருக்கு." அவருக்குப் பின்னாலிருந்து மகள் சொன்னாள். "மாமா பணம் தர்றேன்னு சொன்னப்ப நான் அங்கதான் இருந்தேன் சார். கைமாத்துன்னுதான் சொன்னார்."

மாப்பிள்ளை கார் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சம்பந்தி திரும்பவே இல்லை. அவருடைய காது மட்டும் லேசாகச் சிவந்தது.

மேனேஜர் நெற்றியைத் தடவினார். "அம்மா, நல்லா யோசிச்சுக்குங்க. இதை நான் எழுதினா மானியம் ரத்து. மெஷினை எடுத்துக்குவோம். அதோட முடியாது. இந்த மாநிலத்துல எந்த அரசுத் திட்டத்துலயும் இனிமே உங்க பேரைச் சேர்க்க மாட்டாங்க. எந்தக் கதவும் திறக்காது."

"பட்டறை?"

"பட்டறை உங்களோடது. அதை யாரும் தொட முடியாது."

"அப்ப எழுதுங்க சார்."

வீட்டுக்காரர் அவள் முழங்கையைத் தொட்டார். தடுக்கிறாரோ என்று திரும்பினாள். அவர் தடுக்கவில்லை, பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது அவருக்கு.

சம்பந்தி எழுந்தார். சட்டையின் முன்பக்கத்தை நீவிவிட்டுக்கொண்டார். "வாம்மா, வீட்டுக்குப் போவோம்" என்றார் மருமகளிடம், அதே மெத்தென்ற குரலில்.

மகள் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் நடந்து வந்து அம்மாவின் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "நான் அப்புறம் வர்றேன் மாமா."

"அப்புறம்னா?"

அவள் நாற்காலியை அம்மா பக்கம் இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். அவர் வெளியே நடந்தார், மாப்பிள்ளையும் பின்னாலேயே போனான்.

எழுத வேண்டியதையெல்லாம் எழுதி, கையெழுத்துகளும் முடிந்து மூன்று பேரும் வெளியே வந்தபோது, கார் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் கை வைத்து நேரே பார்த்தபடி இருந்தான். பின்பக்கக் கண்ணாடி மெல்ல இறங்கியது.

"சம்பந்தியம்மா, ஒரு விஷயம்" என்றார் சம்பந்தி. "கைமாத்துன்னு நீங்க சொல்லலை. கடன்னு சொன்னீங்க. மேனேஜரும் அப்படித்தான் எழுதியிருக்காரு. கைமாத்துக்குத்தான் வட்டி கிடையாது."

வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெட்டியக்கா முந்திக்கொண்டாள்.

"அசல் அந்தப் பெட்டியிலயே இருக்கு. வட்டி எவ்வளவுன்னு சொல்லி அனுப்புங்க. கட்டறேன்."

"நான் சொல்ற வட்டியை உங்களால கட்ட முடியாது."

"கால்ல மிதிக்கிற மெஷின் இன்னும் இருக்கு, சம்பந்தி. மிதிச்சுக் கட்டறேன். கடன்காரியாத்தான் இருப்பேன். உங்க வேலைக்காரியா இருக்க மாட்டேன்."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். பசை தடவுகிற பெண் சொன்னது சரிதான், அந்தக் கண்கள் இமைக்கவே இல்லை. பிறகு அவர் பார்வை மகள் பக்கம் போய், அங்கேயே நின்றது. கண்ணாடி மேலே ஏறியது.

"வேன் அந்தப் பக்கம் நிக்குது" என்றார் வீட்டுக்காரர். "நடங்க. திரும்பிப் பார்க்காதீங்க."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டியக்கா நடந்தாள். திரும்பிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. ஆள் நடக்கிற வேகத்துக்கு அந்தக் காரும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கும் சத்தம் நன்றாகவே கேட்டது.